மனப்பாடத்துக்கு அடங்காத பாடம்

கணினி ஆசிரியர் தேர்வுக்குப் படிப்பவர்களிடம் ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. புரோகிராமிங், டேட்டா ஸ்ட்ரக்சர் போன்றவற்றைப் புரிந்து படிக்க வேண்டுமாம். கணினி அமைப்பும் ஆபரேட்டிங் சிஸ்டமும் வெறும் ‘ஒன் வேர்டு’ பகுதியாம், கடைசி வாரத்தில் வினா வங்கியை நாலு தடவை புரட்டினால் தீர்ந்துவிடுமாம். பயிற்சி மையங்களின் மெட்டீரியல்களும் இந்த எண்ணத்துக்கு நீர் ஊற்றி வளர்க்கின்றன. சுருக்கப் பெயர்களின் விரிவாக்கம், தலைமுறைப் பட்டியல், யார் எதைக் கண்டுபிடித்தார் என்ற வரிசை எனப் பக்கம் பக்கமாக நீள்கின்றன. இந்த நம்பிக்கை கல்விக்கு மட்டும் கேடு என்றால் தேர்வை நினைத்துப் பொறுத்துக்கொள்ளலாம். அது மதிப்பெண்ணுக்கும் கேடு என்பதுதான் என் வாதம்.

பேஜ் ரீபிளேஸ்மென்ட் பகுதியை எடுத்துக்கொள்வோம். ‘ஃபிரேம் கூடினால் பேஜ் ஃபால்ட் குறையும்’ என்று ஒரு வரி. ‘பெலாடி முரண் – ஃபிஃபோ’ என்று இன்னொரு வரி. மனப்பாடக்காரருக்கு இரண்டும் தனித்தனிச் செய்தி, ஒன்றை ஒன்று மறுப்பதைக்கூட அவர் கவனித்திருக்க மாட்டார். 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 என்ற வரிசையில் ஒரு புரோகிராம் பக்கங்களைக் கேட்கிறது. முதலில் வந்ததை முதலில் வெளியேற்றும் ஃபிஃபோ முறையில் 3 ஃபிரேம் கொடுத்தால் 9 பேஜ் ஃபால்ட். 4 ஃபிரேம் கொடுத்தாலோ 10. இடம் கூடியும் வேலை கெட்டுப்போகிறது. காரணத்தைத் தாளில் எழுதிப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும்: 4 ஃபிரேம் நிரம்பிய பிறகு 5 உள்ளே வரும்போது 1 வெளியே போகிறது, அடுத்த கணமே 1 தேவைப்படுகிறது, அது வர 2 போகிறது, உடனே 2 தேவைப்படுகிறது. கடைசிவரை இதே கதைதான். இதே வரிசையை எல்ஆர்யு முறையில் போட்டால் 3 ஃபிரேமுக்கு 10, 4 ஃபிரேமுக்கு 8. நெடுநேரம் தொடப்படாத பக்கத்தை வெளியேற்றும் அந்த முறையில், சின்ன நினைவகத்தில் இருப்பதெல்லாம் பெரிய நினைவகத்திலும் எப்போதும் இருக்கும். ஆகவே முரணுக்கு வழியே இல்லை. ஃபிஃபோவில் இம்முரண் தோன்றுவது 1969-இல் பெலாடியும் உடன் பணியாற்றியவர்களும் எழுதிக் காட்டிய செய்தி. வினா அமைப்பவர் எண்களை மாற்றினாலோ, ‘கீழ்க்கண்டவற்றுள் எதில் இம்முரண் தோன்றாது’ என்று திருப்பிக் கேட்டாலோ, மனப்பாட வரி கைகொடுக்காது.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. முதுநிலை ஆசிரியர் தேர்வில் 150 வினாக்களுக்கு 3 மணி நேரம், அதாவது வினாவுக்கு 72 விநாடி. ஆனால் இந்தக் கணக்கு புரிந்து படிப்பதற்கே சாதகமானது. 24, 3, 3 மில்லிவிநாடி தேவைப்படும் மூன்று பிராசஸ்கள் அதே வரிசையில் ஒரே நேரத்தில் வந்து, முதலில் வந்ததற்கே முதல் வாய்ப்பு என்றால், காத்திருப்பு 0, 24, 27; சராசரி 17. சின்னவற்றை முன்னே விட்டால் 0, 3, 6, சராசரி 3. காத்திருப்பு என்றால் என்ன என்று தெரிந்தவருக்கு இது மனக்கணக்கு, அரை நிமிடம்கூட ஆகாது. சூத்திரத்தை நினைவிலிருந்து தோண்டி எடுப்பவருக்குத்தான் 72 விநாடி போதாது.

மனப்பாடத்தின் இன்னொரு குறை, அது பழசாகிப்போவதை உணராது. ‘ரோம் – படிக்க மட்டும், எழுத முடியாது; பயாஸ் ரோமில் இருக்கிறது’ என்று ஒப்பிக்கிறார்கள். அதே பக்கத்தில் நாலு வரி தள்ளி, ஈஈபிரோமை மின்சாரத்தால் அழித்து மீண்டும் எழுதலாம் என்று இருக்கும். இன்றைய மதர்போர்டுகளில் அந்த மென்பொருள் இருப்பது ஃபிளாஷ் நினைவகத்தில். அப்டேட் செய்யவும் முடிகிறது. எழுத முடியாததை எப்படி அப்டேட் செய்கிறார்கள் என்ற சந்தேகம்கூட எழாமல் ஒருவர் இந்தப் பாடத்தைப் படித்து முடிக்க முடிகிறது என்றால், அவர் படித்தது எதை?

பள்ளிப் பிள்ளைகளுக்கு இவ்வளவு ஆழம் எதற்கு என்பது அடுத்த ஆட்சேபம். பதினோராம் வகுப்புப் புத்தகத்திலேயே கணினி அமைப்பும் இயக்க அமைப்பும் தனித்தனிப் பாடங்களாக இருக்கின்றன. 1 டெராபைட் என்று அட்டையில் போட்ட ஹார்டு டிஸ்க் விண்டோஸில் 931 ஜிபி என்றுதானே காட்டுகிறது, மீதி எங்கே சார் என்று ஒரு மாணவி கேட்பாள். ‘1 டெராபைட் = 1024 ஜிகாபைட்’ என்று மட்டும் உருப்போட்ட ஆசிரியர், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றுகூடச் சொல்லிவிடலாம். தயாரிப்பாளர் எண்ணுவது பத்தின் அடுக்கில், 1,00,000 கோடி பைட். விண்டோஸ் அதை இரண்டின் 30-ஆம் அடுக்கால் வகுத்துக் காட்டுகிறது. யாரும் எதையும் திருடவில்லை. 32 பிட் முகவரியால் 4 ஜிபிக்கு மேல் எட்ட முடியாதது ஏன் என்பதற்கும் விடை இதே இரண்டின் அடுக்கில்தான் இருக்கிறது.

மனப்பாடமே வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. செமஃபோரைத் தந்தவர் டைக்ஸ்ட்ரா, இன்டெல் 4004 வெளிவந்தது 1971-இல் என்பனவற்றை யோசித்துக் கண்டுபிடிக்க வழியில்லை. நினைவில் வைத்தே ஆகவேண்டும். ஆனால் அவை இந்தப் பாடத்தின் ஓரம். ஓரத்தையே பாடமாக ஆக்கியதில் வினாத்தாள் அமைப்பவர்களுக்கும் பங்கு உண்டு. விரிவாக்கம் கேட்கும் வினா எழுத ஒரு நிமிடம் போதும், பிழையும் வராது. அதனால் அந்த வகை பெருகுகிறது, அதைக் காட்டி வினா வங்கிகள் விற்கின்றன. தேர்வை நடத்துபவர்கள் விரிவாக்க வினாக்களைக் குறைத்து, பக்க வரிசையையோ பிராசஸ் அட்டவணையையோ கொடுத்துக் கணக்கிடச் சொல்லும் வினாக்களைக் கூட்ட வேண்டும். படிப்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை: மேலே சொன்ன பன்னிரண்டு எண்களைத் தாளில் எழுதி, 3 ஃபிரேமிலும் 4 ஃபிரேமிலும் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.