அடுப்பு மூட்ட முகூர்த்தம் பார்க்கலாமா?

கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்க்கிறோம். கடை திறக்க நல்ல நேரம் பார்க்கிறோம். ராகு காலத்தில் வாசற்படி தாண்டுவதில்லை என்று வைராக்கியமாக இருக்கும் குடும்பங்கள் இன்றைக்கும் உண்டு. ஆனால் அடுப்பு மூட்டுவதற்காக மட்டும் நம் வீடுகளில் யாரும் பஞ்சாங்கத்தைப் புரட்டியது கிடையாது. குழந்தைக்குப் பசித்தால் அதுவே முகூர்த்தம். வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பினால் அதுவே சுபவேளை.

இப்போது அடுப்புக்கும் ஒரு பஞ்சாங்கம் வந்திருக்கிறது. கணித்தவர்கள் ஜோசியர்கள் அல்ல. மத்திய சர்க்காரின் மின்சார இலாகாக்காரர்கள்.

2023 ஜூன் மாதத்தில் மின்சார நுகர்வோர் உரிமை விதிகளில் ஒரு திருத்தம் செய்தார்கள். இனி மின்சாரத்துக்கு நாள் முழுவதும் ஒரே விலை கூடாது. மணிக்குத் தகுந்த விலை வேண்டும் என்பது அதன் சாரம். வெயில் அடிக்கும் எட்டு மணி நேரத்துக்குச் சாதாரண விலையில் குறைந்தது 20 சதவீதம் தள்ளுபடி. எல்லோரும் ஒரே சமயத்தில் சுவிட்சைப் போடும் 'உச்ச நேரத்துக்கு' வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் அதிகம். பெரிய கடைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் 2024 ஏப்ரல் 1-ம் தேதி கெடு. விவசாயம் நீங்கலாக மற்றவர்களுக்கு, அதாவது நமக்கு, 2025 ஏப்ரல் 1-ம் தேதி. ஆனால், மணிக்கணக்கை எழுதி வைக்கும் 'ஸ்மார்ட் மீட்டர்' வீட்டுச் சுவரில் ஏறினால்தான் இது நடைமுறைக்கு வரும். எந்த மணியிலிருந்து எந்த மணி வரை உச்ச நேரம் என்று குறிப்பது அந்தந்த மாநில ஆணையத்தின் பொறுப்பு.

தமிழ்நாட்டில் பெரிய தொழிற்சாலைகளுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. 2022 கட்டண உத்தரவில் அவற்றுக்குக் குறித்த உச்ச நேரம் என்ன தெரியுமா? காலை ஆறரையிலிருந்து பத்தரை வரை. மாலை ஆறிலிருந்து இரவு பத்து வரை.

இந்த மணிகளை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், சகோதரிகளே! இது தொழிற்சாலையின் நேரமா, நம் சமையலறையின் நேரமா? இட்லிப் பானை ஏறுவது எப்போது? பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாட்டு டப்பா கட்டுவது எப்போது? இரவுச் சாப்பாட்டுக்குக் குக்கர் வைப்பது எப்போது? நாளைக்கு வீடுகளுக்கும் இதே மணிகளைக் குறித்துவிட்டால், தமிழ்நாட்டுத் தாய்மார்கள் அத்தனை பேரும் மின்சார ராகு காலத்தில்தான் சமைத்தாக வேண்டும்!

*

இந்த விஷயத்தைப் பேசுவதற்கு நெய்வேலியைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. நம் வீட்டு விளக்குக்கும் பூமிக்கடியில் இருக்கும் கரிக்கும் உள்ள உறவை அந்த ஊர்தான் நமக்கு முதலில் காட்டியது.

1935-வாக்கில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகக் குழாய்க் கிணறு இறக்கியபோது கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பொரேஷன் உதயமாயிற்று. 1957 மே 20-ம் தேதி பிரதம மந்திரி ஜவாஹர்லால் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். சோவியத் ரஷ்யாவின் ஒத்துழைப்போடு எழுந்த முதல் அனல்மின் நிலையம் 1962-ல் மின்சாரம் தரத் தொடங்கியது. அரை நூற்றாண்டுக்கும் மேல் உழைத்துவிட்டு 2020-ல்தான் அது ஓய்வு பெற்றது.

அந்தத் திட்டத்தைத் தீட்டியவர்கள் சமையலறையை மறந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழுப்பு நிலக்கரியைக் கட்டிகளாக அழுத்தி, சுட்டு, 'லெக்கோ' என்று விற்றார்கள். பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பற்ற வைக்கத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும்; பற்றிக்கொண்டால் கண்ணைக் கரிக்கும் புகையில்லாமல் நின்று எரியும். பிறகு வீட்டுக்கு வீடு காஸ் அடுப்பு வந்தது. லெக்கோ ஆலையும் மூடப்பட்டது. இன்றைக்குக் கரி நம் அடுப்புக்கு நேரே வருவதில்லை. கம்பி வழியாக, மின்சார வேஷத்தில், இண்டக்ஷன் அடுப்பாகவும் ரைஸ் குக்கராகவும் வருகிறது. ஆகவே மின்சார விலை என்பது விளக்கு விலை மட்டுமல்ல, விறகு விலையும்தான்.

*

சர்க்கார் தரப்பு நியாயத்தையும் கேட்டுவிட வேண்டும். ஒரு பக்கமே பேசுவது அழகல்ல.

கல்யாண வீட்டுப் பந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேர் வருவார்கள். நாலு பந்தியாக உட்கார்ந்தால் இருக்கிற இலையும் ஆட்களும் போதும். ஆயிரம் பேரும் முதல் பந்திக்கே முண்டினால் என்ன ஆகும்? ஒரு மணி நேரக் கூட்டத்துக்காக நாலு மடங்கு பெஞ்சும் பாத்திரமும் வாடகைக்கு எடுக்க வேண்டும். மின்சாரத்தின் சங்கடமும் இதுவே. பகலில் சூரியன் கொட்டிக் கொடுக்கிறான். நெய்வேலி நிறுவனமே 1,000 மெகாவாட்டுக்கு மேல் சூரிய மின்சார நிலையங்களை அமைத்திருக்கிறது. ஆனால் மாலை ஆறு மணிக்குச் சூரியன் கடையைக் கட்டிவிடுகிறான். சரியாக அந்த நேரத்தில்தான் ஊரே விளக்கையும் மின்விசிறியையும் அடுப்பையும் போடுகிறது. நிலக்கரிக் கொதிகலனோ நம் காஸ் அடுப்பு மாதிரி திருகினால் எரிந்து, திருகினால் அணைகிற சரக்கு அல்ல. ஆறிப்போனதை மறுபடி சூடாக்கி ஓட விடுவதற்குள் பல மணி நேரம் ஆகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு யூனிட்டுக்குள்ளும் யாரோ ஒருவருடைய வயல் இருக்கிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் சுரங்க வேலைக்கு வாய்க்கால் வெட்டுவதற்காக, நின்றிருந்த நெற்பயிரின் மேலேயே மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. விவகாரம் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போய், பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் நஷ்டஈடு என்று உத்தரவாயிற்று. சோறு வேக வைக்கும் மின்சாரத்துக்காகச் சோறு போடும் பயிரே போகிறது என்றால், அந்த மின்சாரத்தை வீணாக்க நமக்கு மனசு வரக்கூடாது. பகலில் செய்யக்கூடியதைப் பகலில் செய் என்று சர்க்கார் சொன்னால், அது நல்ல புத்திமதிதான்.

என் ஆட்சேபம் புத்திமதியைப் பற்றியது அல்ல. அதை யாரிடம் சொல்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

*

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பு அரை மணி நேரம் முழு வேகத்தில் எரிந்தால் ஒரு யூனிட். காலையும் மாலையும் சேர்த்து உச்ச நேரத்தில் ஒரு வீட்டுக்கு மூன்று யூனிட் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 180 யூனிட். யூனிட் ஐந்து ரூபாய் என்றால் 900 ரூபாய். பத்து சதவீதம் ஏறினால் 90 ரூபாய் நஷ்டம். அதே வீட்டில் மாவரைப்பது, துணி துவைப்பது, இஸ்திரி போடுவது எல்லாவற்றையும் பகலுக்கு மாற்றி, நாளுக்கு ஒரு யூனிட் வெயில் நேரத்தில் செலவானால், 300 ரூபாயில் 60 ரூபாய் லாபம். கழித்தால் நிகர நஷ்டம் 30 ரூபாய். தமிழ்நாட்டில் 2016-ல் முதல் 100 யூனிட் இலவசம் என்று உத்தரவானது. அதற்குள் அடங்கும் ஏழை வீட்டுக்குப் பூஜ்யத்தில் பத்து சதவீதம் பூஜ்யம்தான்.

"முப்பது ரூபாய்க்கா இத்தனை கூச்சல்?" என்று ஆபீஸர்கள் கேட்கலாம்.

அந்த அறுபது ரூபாய் லாபம் யாருக்குக் கிடைக்கும் என்று யோசியுங்கள். பகல் பத்து மணியிலிருந்து நாலு மணி வரை வீட்டில் இருக்கிறவளுக்குத்தான். காலையில் சமைத்து வைத்துவிட்டு ஆபீசுக்கோ ஆஸ்பத்திரிக்கோ பள்ளிக்கூடத்துக்கோ ஓடுகிறவள் எந்த மதியத்தில் மாவரைப்பாள்? இரண்டு மாதச் சம்பளத்தில் அவளுக்கு மட்டும் 90 ரூபாய் முழுசாகக் கழியும். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அபராதம் என்று எந்தச் சட்டசபையும் தீர்மானம் போடவில்லை, மீட்டர் போட்டுவிடும்.

நெய்வேலியில் ஏதோ ஒரு வட்டத்தில் குடியிருக்கும் ஓர் அம்மாளை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் ஷிப்டு வேலை. இந்த வாரம் விடியற்காலை, அடுத்த வாரம் மதியம், அதற்கடுத்த வாரம் ராத்திரி. அந்த அம்மாளின் அடுப்பு எந்த நேரத்தில் எரிய வேண்டும் என்பதை அவள் தீர்மானிக்கவில்லை, ஷிப்டு தீர்மானிக்கிறது. ஷிப்டைச் சுரங்கம் தீர்மானிக்கிறது. கரிப் படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு ஊற்று நீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் சுரங்கத்தின் தரையே பிய்த்துக்கொண்டு வரும். அந்தப் பம்பு 'உச்ச நேரம்' என்று ஓய்வெடுக்க முடியாது. பம்புக்கு உள்ள நியாயம் அடுப்புக்கும் உண்டா இல்லையா?

*

அடுத்தது, செய்தி போய்ச் சேரும் விலாசம். விலை எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பதெல்லாம் கைபேசியில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்கிறார்கள். பேஷ்! யாருடைய கைபேசியில்? பல வீடுகளில் மின்சார வாரியக் கணக்கோடு பதிவாகியிருப்பது வீட்டுக்காரரின் நம்பர். செய்தி போவது சட்டைப் பைக்கு. சுவிட்சு இருப்பதோ சமையலறையில்! ராத்திரி அவர் வீட்டுக்கு வந்ததும் எப்படிப் பேச்சு நடக்கும் என்று எனக்கு இப்போதே காதில் விழுகிறது:

"ஏம்மா, ஆறு மணிக்கு மேலே கரண்டு விலை ஜாஸ்தியாம். மெஸேஜ் வந்திருக்குது பாரு."

"எப்போங்க வந்தது?"

"மத்தியானமே வந்தது."

"நான் குக்கர் வெச்சு, இறக்கி, நீங்க சாப்பிட்டும் ஆச்சு. இப்போ சொல்றீங்களே!"

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. 'இன்றிரவு ஒன்பதரை மணிக்கு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும். உடனே இந்த நம்பருக்குப் பேசுங்கள்' என்று 2022-ல் எத்தனையோ வீடுகளுக்குப் பொய்ச் செய்தி அனுப்பி, பயந்து பேசியவர்களின் பாங்கிப் பணத்தை வழித்தெடுத்தார்கள். மின்சாரச் செய்திகள் பெருகப் பெருக, நிஜம் எது, மோசடி எது என்று தெரியாத குழப்பமும் பெருகும். ஆகையால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: செய்தியில் வரும் நம்பருக்கு ஒருபோதும் பேசாதீர்கள். சந்தேகமிருந்தால் பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். இல்லையேல் பிரிவு அலுவலகத்துக்கு நேரில் போய்விடுங்கள்.

நம் பெண்களுக்குக் கணக்குப் புரியாது என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடுகிறது என்ற சூட்சுமத்தைப் பாடம் எடுக்காமலே தெரிந்துகொண்டு, ரீடிங் எடுக்கும் தேதி நெருங்கும்போது ஏர்கண்டிஷனரை நிறுத்துகிறவர்கள் நம் இல்லத்தரசிகள்தான்.

*

குறை சொன்னால் மட்டும் போதாது. யோசனையும் சொல்ல வேண்டும்.

ஒன்று: காலையில் இரண்டு மணி, மாலையில் இரண்டு மணி, சமையலுக்கு என்று நாளுக்கு இரண்டு மூன்று யூனிட்டைச் சாதாரண விலைக்கே விட்டுவிடுங்கள். உச்ச விலை அதற்கு மேல் செலவழிப்பதற்கு இருக்கட்டும். மத்திய விதி இதற்கு இடம் கொடுக்காது என்றால், விதியைத் திருத்துங்கள். 2023-ல் திருத்தியவர்களுக்கு மறுபடி திருத்தத் தெரியாதா?

இரண்டு: கைபேசி வேண்டாம். சமையலறைச் சுவரில் சின்னதாக ஒரு பச்சை விளக்கு, ஒரு சிவப்பு விளக்கு. பச்சை எரிந்தால் மலிவு. சிவப்பு எரிந்தால் கிராக்கி. எழுத்தறியாத பாட்டிக்கும் புரியும்.

மூன்று: வீட்டுக்கு இரண்டு நம்பர் பதிவு செய்ய வசதி கொடுத்து, இரண்டுக்கும் தமிழிலேயே செய்தி அனுப்புங்கள்.

நான்கு, நம் வீட்டு ஆண்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை பகலில் வெயில் மின்சாரம் மலிவாகக் கிடைக்கும். துணி துவைக்கவும், இஸ்திரி போடவும், தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றவும் அதைவிட உசிதமான நேரம் இல்லை. பகலில் வீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் லாபம் என்றால், அன்றைக்கு நீங்களும் வீட்டில்தானே இருக்கிறீர்கள்!

நெய்வேலிக்குப் பக்கத்திலேயே வடலூர் இருக்கிறது. வள்ளலார் 1867-ல் அங்கே தொடங்கிய தருமசாலையின் அடுப்பு இன்றுவரை அணையவில்லை. வருகிறவர்களிடம் எத்தனை மணிக்குப் பசித்தது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. சர்க்கார் தருமசாலை நடத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பசிக்கு நேரம் குறிக்க முடியாது என்பதை மட்டும் விலைப்பட்டியல் எழுதுகிறவர்கள் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

நம் வீடுகளுக்கு மணிகளைக் குறிக்கப் போவது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். 2022-ல் கட்டணம் உயர்த்துவதற்கு முன்பு கோவை, மதுரை, சென்னையில் ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்டார்கள். அடுத்த தடவை கேட்கும்போது ஆலை முதலாளிகளும் வியாபாரிகளும் தவறாமல் போவார்கள். அவர்களோடு நம் வீட்டுப் பெண்மணிகள் பத்துப் பேராவது போக வேண்டும். போக முடியாதவர்கள் எழுதி அனுப்ப வேண்டும். என்ன எழுதுவது என்று மலைக்க வேண்டாம். உங்கள் வீட்டில் காலை எத்தனை மணிக்கு அடுப்பு எரிகிறது, ஏன் அந்த மணிக்கு எரிகிறது என்று இரண்டு வரி எழுதினால் போதும்.