மைதானமும் வகுப்பறைதான்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவிலிருந்து வடக்கே காரியவட்டம் போனால், கேரளப் பல்கலைக்கழக நிலத்தில் 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக எழுந்த கிரீன்ஃபீல்டு மைதானத்தைக் காணலாம். 2017 நவம்பரில் இந்தியாவும் நியூசிலாந்தும் அங்கே இருபது ஓவர் ஆட்டம் ஆடின. பல்கலைக்கழக மண்ணில் பன்னாட்டுக் கிரிக்கெட் நடப்பது பெருமைதான். ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டு வளத்தை அளக்க, எத்தனை மாணவர்கள் அன்றாடம் களமிறங்குகிறார்கள் என்பதே சரியான கேள்வி. காரியவட்டத்திலேயே லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி 1985 முதல் இயங்குகிறது; பயிற்சி அறிவுக்குப் பஞ்சமில்லை. அதைச் சாதாரணக் கலைக்கல்லூரி மாணவரிடமும் கொண்டுசேர்ப்பதே இனி வேண்டிய வேலை.

விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்று பெற்றோர் அஞ்சுவது நியாயமே. கனடாவின் பல்கலைக்கழகங்கள் இதற்கு விதியாலேயே பதில் சொல்கின்றன: குறிப்பிட்ட அளவு பாடங்களில் தேறியவரே அணியில் தொடர முடியும், விளையாட்டு உதவித்தொகைக்கும் கல்விக்கட்டணத்தை ஒட்டிய வரம்பு உண்டு. செலவு அதிகமாகும் என்பது அடுத்த தடை. மைதானமும் பயிற்சியாளர்களை உருவாக்கும் கல்லூரியும் ஏற்கெனவே இருக்கும் ஊரில், அந்தத் தடை பாதி தீர்ந்ததுதான். மாணவர்களுக்கென நிலையான பயிற்சி நேரம், பெண்களுக்குச் சமபங்கு, தேர்வுக் கால அட்டவணையோடு இணங்கும் போட்டிகள் ஆகிய மூன்றையும் பல்கலைக்கழகம் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும்.