விளையாட்டு வேளையும் கல்வி வேளையே

விழா மலரிலே கல்லூரியின் புகழ் பேசுதல் மரபு. அப்பணிக்குப் பலர் உளராதலின், யாம் ஒரு வேண்டுகோளை மாத்திரம் இங்கு முன்வைக்கின்றோம். அஃது இன்றைய மாணாக்கரின் மனச்சுமை பற்றியது.

எமது கோப்பாய்த் தோட்டங்களிலே ஒரு காலத்தில் துலா மிதித்தும் மண்வெட்டி பிடித்தும் உழைத்தோர், இரவில் அயர்ந்து உறங்கினர். சிறுவர் மாலைதோறும் கிளித்தட்டு மறித்தனர். 1990 ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடையால் எரிபொருள் அருகியபோது, முதியோரும் இளையோரும் துவிச்சக்கரவண்டியிலேயே நகருக்குச் சென்று மீண்டனர். அவர்தம் துன்பங்கள் பெரியன. ஆயினும் உடற்பயிற்சியைத் தனியே தேடவேண்டிய நிலை அவர்க்கு இருந்ததில்லை.

இன்றோ துலாவின் இடத்தை நீரிறைக்கும் பொறி கொண்டது. மாணாக்கர் வகுப்பறையிலிருந்து தனியார் கல்வி நிலையத்துக்குச் செல்கின்றனர்; வீடு மீண்டபின் கைத்தொலைபேசியில் ஆழ்கின்றனர். ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை முதல் உயர்தரப் பரீட்சை வரை அச்சம் அவரைத் தொடர்கின்றது.

அஞ்சும்போது உடலில் நிகழ்வது யாது? அதிரினலீன், கோட்டிசோல் முதலிய ஓமோன்கள் சுரக்கின்றன, இதயம் விரைந்து துடிக்கின்றது, தசைகள் இறுகுகின்றன. ஓடவோ எதிர்க்கவோ உடல் ஆயத்தமாகின்றது. பாய்ந்துவரும் மாட்டின் முன் நிற்பவனுக்கு இது துணையாம். வினாத்தாளின் முன் அமர்ந்திருப்பவனுக்கோ சுமையாம். நாடோறும் ஓடியாடுபவனின் உடல் இவ்விறுக்கத்தைத் தளர்த்தப் பழகுகின்றது, நன்கு உறங்குகின்றது. உறங்கித் தெளிந்த மனமே கற்றதை நிலைநிறுத்தும். 5 முதல் 17 வயதினர்க்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலியக்கம் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020 இல் விதந்துரைத்தது.

இக்கருத்து எமக்குப் புதிதன்று. திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரம் விரிக்கும் அட்டாங்க யோகத்தில் ஆதனமும் பிராணாயாமமும் உறுப்புகளாம். உடலின் வழியே மனத்தை அடக்கும் நெறியை எம் முன்னோர் நன்கறிந்திருந்தனர்.

“படிக்கும் நேரம் குறையுமே” எனப் பெற்றோர் கவல்வர். கலங்கிய மனத்தோடு மூன்று மணி நேரம் புத்தகத்தின் முன் இருப்பதினும், தெளிந்த மனத்தோடு இரண்டு மணி நேரம் கற்பது நன்று. ஆழ்ந்த மனத்துயர் உற்றோர் மருத்துவரை நாடுதல் வேண்டும் என்பதும் உண்மையே. விளையாட்டு எல்லாவற்றுக்கும் மருந்தென யாம் கூறவில்லை. நாளாந்த மனச்சுமையைத் தாங்கும் வலிமையை அது தரும் என்பதே எம் கருத்து.

ஆதலின், ஆசிரியர்காள்! பரீட்சை நெருங்கியவுடன் உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்கோ தமிழுக்கோ எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய மாணவர்காள்! கட்டடத்துக்கு அள்ளி வழங்கும் நீங்கள் மைதானத்துக்கும் ஒரு பங்கு வழங்குங்கள். மாணாக்கர்காள்! மாலையில் ஒரு மணி நேரம் புத்தகத்தை மூடிவைத்து விளையாடச் செல்லுங்கள். அதுவும் கல்வியே.