ரயில்வே மானிய நிலங்களும் பொதுமக்களின் வழிப்பாத்தியதையும்: எமது சங்கத்தின் நிலைப்பாடு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பிரதேசத்தில் இருப்புப்பாதை போட்ட கம்பெனிகளுக்கு 1862-ஆம் ஆண்டின் பசிபிக் ரயில்வே சட்டமும் அதைத் தொடர்ந்த சாசனங்களும் வழங்கிய நிலங்கள், பூர்வகுடிகளின் சம்மதத்தைப் பொருட்படுத்தாமல், தேசத்தின் இரு கரைகளையும் இணைக்கும் பொது நோக்கம் ஒன்றுக்காகவே கொடுக்கப்பட்டவை என்பதை எமது சங்கம் முதற்கண் நினைவூட்ட விரும்புகிறது.

பாதையின் இருமருங்கிலும் பூமியைச் சதுர மைல்களாக அளந்து, ஒற்றைப்படை எண்ணிட்டவற்றைக் கம்பெனிக்கும் இரட்டைப்படை எண்ணிட்டவற்றைச் சர்க்காருக்கும் ஒதுக்கியதால், நிலப்படம் சதுரங்கப் பலகை போலாயிற்று. நார்தர்ன் பசிபிக் கம்பெனிக்கு மட்டும் 1864-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிடைத்தது ஏறக்குறைய 4 கோடி ஏக்கர். 1871-க்குப் பின் புதிய மானியங்கள் நின்றன. கட்டங்களோ பல இடங்களில் இன்றும் அப்படியே இருக்கின்றன. அக்கம்பெனியின் எஞ்சிய காடுகளில் ஒரு பகுதி, பர்லிங்டன் நார்தர்ன், பிளம் கிரீக் என்று கைமாறி, 2016-இல் வேயர்ஹாசர் என்னும் மரக்கம்பெனியிடம் சேர்ந்தது.

பொதுக் கட்டங்கள் மூலையில் மட்டுமே ஒன்றையொன்று தொடும் இச்சதுரங்க அமைப்பால் விளைந்த சங்கடத்தை வயோமிங் மாகாணத்து எல்க் மலையில் கண்கூடாகக் காணலாம். நான்கு கட்டங்கள் கூடும் மூலையில் இரு கம்பங்களை நாட்டிச் சங்கிலியும் பூட்டியிருக்க, 2021-இல் வேட்டைக்கு வந்த சிலர், தனியார் மண்ணில் கால் படாதபடி ஏணி ஒன்றை நிறுத்தி, ஒரு பொதுக் கட்டத்திலிருந்து மூலைக்கு மூலையாக அடுத்த பொதுக் கட்டத்தில் இறங்கினார்கள். அதற்காகக் குற்றவாளிக் கூண்டிலும் நின்றார்கள். ஜூரிகள் அவர்களை விடுதலை செய்தனர். நிலச் சொந்தக்காரர் தொடுத்த சிவில் வழக்கிலும், பொது நிலத்தை வேலியிட்டு அடைப்பதைத் தடுக்கும் 1885-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதாரமாகக் கொண்டு, பத்தாவது வட்டார அப்பீல் நீதிமன்றம் 2025-இல் அவர்களுக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. ஆனால் அத்தீர்ப்பு, அவ்வட்டாரத்தில் சேராததும் நார்தர்ன் பசிபிக்கின் பழைய கட்டங்கள் நிறைந்ததுமான மான்டானாவைக் கட்டுப்படுத்தாது.

கிரயம் கொடுத்து வாங்கியவரின் நிலத்தைப் பறிக்க வேண்டும் என்பது எமது கோரிக்கையன்று. ஆயினும், மானியத்தோடு நிபந்தனையும் பிறந்தது என்பதற்கு ஆரிகனே சாட்சி: குடியேறுவோருக்கு 160 ஏக்கருக்கு மேற்படாமல், ஏக்கர் இரண்டரை டாலருக்கு மிகாமல் விற்க வேண்டும் என்ற விதியை ரயில்வே கம்பெனி மீறியதால், விற்காமல் வைத்திருந்த நிலத்தைக் காங்கிரஸ் 1916-இல் திரும்ப எடுத்துக்கொண்டது.

ஆகவே, மூலை கடக்கும் உரிமையைத் தேசம் முழுவதற்கும் காங்கிரஸ் சட்டமாக்க வேண்டும். மானியக் கட்டங்கள் விலைக்கு வருங்கால் அவற்றை வாங்கும் முதல் வாய்ப்பைப் பூர்வகுடிகளுக்கும், அடுத்துச் சர்க்காருக்கும் அளிக்க வேண்டும் என்று பிரதிநிதிகள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.