சிவப்பு விளக்கும் பால் கணக்கு நோட்டும்

ஆடி மாதத்தில் தாராபுரத்துக்குப் போயிருக்கிறீர்களா? போனால் புடவைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் காற்று, அந்தப் பக்கத்துக் காற்றாலைகளையெல்லாம் சுழற்றிவிட்டு, கொடியில் உலரும் துணிகளையும் ஒரு கை பார்த்துவிடும்.

சென்ற ஆடியில் அங்கே என் அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தைக்குக் காற்றைப் பற்றிக் குறையில்லை. குறை வேறு.

"ஏங் கண்ணு, பத்திரிகையில ஊருக்கெல்லாம் புத்தி சொல்றியே, இந்தச் சிவப்பு லைட்டுக்கு ஒரு வழி சொல்லு பாக்கலாம்" என்று கூடத்துச் சுவரைக் காட்டினார். அங்கே இன்டர்நெட் பெட்டி, அதாவது ரௌட்டர் என்கிறார்களே அது, கண் சிவந்து உட்கார்ந்திருந்தது.

அத்தை வீட்டில் நான்கு தையல் மெஷின்கள் ஓடுகின்றன. திருப்பூரிலுள்ள ஒரு பனியன் கம்பெனியிலிருந்து வெட்டிய துணி வரும். அளவும் மாதிரியும் போனில் படமாக வரும். முதல் நாள் மாலை வந்திருக்க வேண்டிய ஒரு திருத்தம், இணைப்பு அறுந்து கிடந்ததால், மறுநாள் காலையில்தான் வந்து சேர்ந்தது. அதற்குள் இருநூறு உருப்படிக்குக் கழுத்துப் பட்டி பழைய அளவிலேயே தைத்தாகிவிட்டது! பிரித்துத் தைத்த கூலியை யார் கொடுப்பார்கள்?

போதாக்குறைக்குப் பேரப்பிள்ளை ஒரு வைத்தியம் செய்தான். சேப்டி பின்னை எடுத்துப் பெட்டியின் பின்புறத்துச் சிறு துளையில் ஓர் அழுத்து அழுத்தினான். சிவப்பு விளக்கு போகவில்லை. பெட்டிக்குள் பதிந்து வைத்திருந்த பெயரும் ரகசியச் சொல்லும் போய்விட்டன!

பிறகு நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். அந்தக் காலத்து டிரங்க் காலை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் கம்பி சரியாக இருக்க வேண்டும். அப்புறம் இரண்டு முனையிலும் ஆள் பேச வேண்டும். இங்கேயும் அப்படித்தான். இந்தப் பேச்சுக்கு 1994-ல் ஒரு முறை வகுத்தார்கள், பி.பி.பி. என்று பெயர். 1999-ல் அதை வீட்டு இணைப்புகளுக்குத் தக்கபடி விரித்தார்கள். நம் நாட்டில் பல வீடுகளில் இன்றும் அந்த முறைதான்.

நம் பெட்டி, "யாராவது இருக்கிறீர்களா?" என்று குரல் கொடுக்கும். "இருக்கிறேன். நீ யார்? ரகசியச் சொல் என்ன?" என்று நிலையத்திலிருந்து கேள்வி வரும். பதில் ஒத்துப்போனால் ஒரு விலாச எண் கிடைக்கும். அத்துடன் விடுவதில்லை. அடிக்கடி, "கேட்கிறதா?" "கேட்கிறது" என்று விசாரித்துக்கொண்டே இருக்கும். சில தடவை தொடர்ந்து பதில் இல்லையென்றால் இணைப்பைத் துண்டித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

ஆகவே கோளாறு இரண்டு வகை. கண்ணாடி இழை இணைப்பில் 'எல்.ஓ.எஸ்.' என்ற விளக்கு சிவந்தால், இழை வழியாக ஒளியே வரவில்லை என்று அர்த்தம். அதற்கு ரகசியச் சொல்லை மாற்றிப் பயனில்லை. இழையைத்தான் பார்க்க வேண்டும். அது சிவக்காமல், 'பி.ஓ.என்.' விளக்கு நிதானமாக எரிந்து, இன்டர்நெட் விளக்கு மட்டும் எரியாவிட்டால், பேச்சில் தகராறு: பணம் கட்டத் தவறியிருக்கலாம், அல்லது பெயரும் சொல்லும் ஒத்துப்போகாமல் இருக்கலாம்.

இதைச் சொல்லிவிட்டு நான் ஊர் திரும்பினேன். அத்தை சும்மா இருக்கவில்லை. கம்பெனியைக் கேட்டுப் பெயரையும் சொல்லையும் மறுபடி பதிய வைத்தார். பிறகு பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டார். தேதி, மணி, எந்த விளக்கு, எவ்வளவு நேரம்? பத்து நாள் எழுதினார். காலையில் ஒரு நாள்கூட அறுபடவில்லை. காற்று வலுக்கும் பிற்பகலில்தான் அத்தனையும்!

பழுது பார்ப்பவர் அதுவரை காலையில் வந்து, "லைன் சரியாத்தானுங்க இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். நோட்டைக் காட்டியதும் பிற்பகல் மூன்று மணிக்கு வந்து கம்பத்தில் ஏறினார். இழை சேருமிடம் தளர்ந்து காற்றில் ஊசலாடிக்கொண்டிருந்தது. அரை மணியில் வேலை முடிந்தது.

உங்கள் வீட்டிலும் அந்தப் பெயரையும் ரகசியச் சொல்லையும் ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டோடு பத்திரப்படுத்துங்கள். சேப்டி பின்னைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். இணைப்பு எவ்வளவு நேரமாக அறுபடாமல் இருக்கிறது என்பதைப் பெரும்பாலான பெட்டிகள் தம் நிலவரப் பக்கத்திலேயே காட்டும். போனில் திறந்து பார்க்கலாம்.

"பால் குறைகிறது" என்று சொன்னால் பால்காரர் சிரிப்பார். "ஐந்தாம் தேதி கால் லிட்டர் குறைந்தது" என்று சொல்லிப் பாருங்கள், மறுபேச்சு இருக்காது. கணக்கு எழுதத் தெரிந்த நமக்கு இந்தப் பெட்டி எம்மாத்திரம்?