தும்மல் யார் குற்றம்?



யாராவது தும்மினால் "நூறு" என்று வாழ்த்துவது நம் பெரியவர்களின் வழக்கம். வள்ளுவர் காலத்திலேயே தும்மியவரை வாழ்த்தும் பழக்கம் இருந்தது என்பதற்குக் காமத்துப்பாலின் 'புலவி நுணுக்கம்' அதிகாரமே சாட்சி. சரி, மூச்சு விடாமல் பத்துத் தும்மல் போடுகிறவனை எத்தனை நூறு என்று வாழ்த்துவது?

நம் கல்லூரியில் அப்படிப்பட்ட 'ஆயிரம் ஆயுசுக்காரர்கள்' நிறைய இருக்கிறோம். பனி முடிந்து வெயில் ஏறும்போதும், மழை ஓய்ந்து புல் பூக்கும்போதும் எங்கள் மூக்கு திறந்த குழாய் ஆகிவிடும். கண் சிவந்து அரிக்கும். "ஐஸ் தண்ணி குடிச்சிருப்ப", "தலை துவட்டாம வந்திருப்ப", "உடம்புல சத்து இல்லப்பா" என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். எல்லாக் காரணமும் தும்முகிறவன் தலையில்தான் விழும். காற்றில் என்ன வருகிறது, அதை அங்கே வளர விட்டது யார் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. அதைக் கேட்பதற்காகவே இந்தக் கட்டுரை.

மூக்குக்குள் நடப்பது என்ன?

நம் ஒர்க்‌ஷாப்பில் உள்ள மைக்ரோமீட்டரின் லீஸ்ட் கவுண்ட் 0.01 மி.மீ. ஒரு புல்லின் மகரந்தத் துகள் அதைப்போல் மூன்று நான்கு மடங்குதான் இருக்கும். காற்றோடு வரும் இந்தத் துகளால் பெரும்பாலானவர்களுக்கு ஒரு கெடுதலும் இல்லை. சிலருடைய உடம்போ, வீட்டுக்கு வந்த விருந்தாளியைத் திருடன் என்று நினைத்து விசில் ஊதும் வாட்ச்மேன் மாதிரி நடந்துகொள்கிறது. உடனே ஹிஸ்டமின் என்ற பொருள் சுரக்கிறது. தும்மல், நீர் ஒழுகல், அரிப்பு எல்லாம் கிளம்புகின்றன. சத்துக் குறைவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நன்றாகக் கபடி ஆடுகிறவனுக்கும் வரும்.

சாதாரண ஜலதோஷம் ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும். காய்ச்சலும் உடம்பு வலியும் கூட வரலாம். ஒவ்வாமைத் தும்மலில் காய்ச்சல் இருக்காது, அரிப்புதான் அதிகம். அந்தப் பூ பூக்கும் காலம் முழுக்க இது நீடிக்கும்.

இந்த உண்மையைக் கண்டுபிடித்ததே ஒரு தும்மல்காரர்தான். இங்கிலாந்தில் சார்லஸ் பிளாக்லி என்ற மருத்துவர் மகரந்தத்தைத் தன் மூக்கிலேயே வைத்துச் சோதித்தார். பிசுபிசுப்பான பொருள் தடவிய கண்ணாடித் தகடுகளில் காற்றிலுள்ள துகள்களைப் பிடித்து எண்ணினார். உயரத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கப் பட்டம்கூட விட்டார்! 1873இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். அவர் பயன்படுத்திய கண்ணாடித் தகடும் மைக்ராஸ்கோப்பும் நமக்கும் எட்டாத பொருள்கள் அல்ல.

இன்னொன்று. தும்மல் வந்தால் நாம் முதலில் குறை சொல்வது மல்லிகையையும் சாமந்தியையும்தான். பாவம், அவை பூச்சியை நம்பிப் பூப்பவை. அவற்றின் மகரந்தம் கனமாக, ஒட்டும் தன்மையோடு இருப்பதால் அதிகம் பறக்காது. காற்றை நம்பும் புல், சவுக்கு போன்றவற்றின் பூக்கள் கண்ணுக்கே தெரியாது. ஆனால் அவை விடும் மகரந்தம் ஏராளம்.

செஞ்சிக் காற்றில் என்ன இருக்கிறது?

நம் ஊரைச் சுற்றி ஏரிக்கரையிலும் ஓடையோரத்திலும் மண்டிக் கிடப்பது சீமைக்கருவேலம். 19ஆம் நூற்றாண்டில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட மரம். விறகும் கரியும் கொடுத்தது, பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது, மறுக்கவில்லை. ஆனால் நிலத்தைப் பிடித்துக்கொண்டு வேறு எதையும் வளர விடுவதில்லை. அதன் மகரந்தம் மூக்குக்கும் நுரையீரலுக்கும் ஒவ்வாமை தரும் என்பதும் மருத்துவம் அறிந்த விஷயம்.

அடுத்தது காலி மனையெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும் பார்த்தீனியம். இந்தியாவில் 1955இல் புனேயில் கவனிக்கப்பட்ட இந்தக் களை இன்று நாடு முழுக்க இருக்கிறது. மகரந்தம் தும்மலைக் கொடுக்கும்; இலை பட்டால் தோல் தடிக்கும். இதைத் தின்னும் ஒரு வண்டை மெக்சிகோவிலிருந்து 1983இல் பெங்களூருக்குக் கொண்டுவந்து பிறகு வெளியில் விட்டார்கள். வண்டு தின்றுகொண்டுதான் இருக்கிறது. செடியும் முளைத்துக்கொண்டுதான் இருக்கிறது!

நம் சீனியர்கள் பலர் வேலை பார்க்கும் பெங்களூரையே எடுத்துக்கொள்வோம். பூங்கா நகரம் என்று பெயர். அங்கே டாக்டர் எச். பரமேஷ் தம் மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகளிடம் எடுத்த கணக்கில், ஆஸ்துமா 1979இல் 9 சதவீதம், 1999இல் 29.5 சதவீதம். இதற்கு மகரந்தம் மட்டும் காரணமல்ல, வாகனப் புகைக்கும் பெரிய பங்கு உண்டு. புகையும் மகரந்தமும் சேர்ந்தால் நுரையீரலுக்கு இரட்டை அடி. மரம் நிறைய இருந்தாலே காற்று சுத்தம் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஜப்பான் கதை இன்னும் பெரிய பாடம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மரத்தேவைக்காக மலை மலையாக 'சுகி' என்ற ஒரே ஜாதி மரத்தை நட்டார்கள். இன்று அந்நாட்டு மக்களில் பத்தில் நான்கு பேருக்கு அதன் மகரந்தம் ஒத்துக்கொள்வதில்லை. முப்பது ஆண்டில் அந்த மகரந்தத்தைப் பாதியாக்குவோம் என்று 2023இல் அரசே திட்டம் போட வேண்டியதாயிற்று. நட்டது ஒரு தலைமுறை, தும்முவது அடுத்த தலைமுறை!

இதை ஏன் இப்போது சொல்கிறேன்? 2025 ஜூலையில் நம் செஞ்சிக்கோட்டை, மராட்டியரின் மற்ற பதினொரு கோட்டைகளோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. ராஜகிரியையும் கிருஷ்ணகிரியையும் பார்க்க உலகமே வரட்டும், சந்தோஷம். ஆனால் அழகுபடுத்தல் என்று வந்தால் வேகமாக வளரும், எப்போதும் பச்சையாக இருக்கும் மரத்தைத்தான் எல்லோரும் தேடுவார்கள். கோனோகார்பஸ் அப்படித்தான் ஊர் ஊராகப் புகுந்தது. மகரந்தம் ஒவ்வாமை தருகிறது, வேர் நிலத்தடிக் குழாய்களைக் கெடுக்கிறது என்ற புகார்களுக்குப் பிறகு குஜராத் 2023இலும் தமிழ்நாடு 2025இலும் அதை நடத் தடை போட்டன. நட்ட பிறகு தடை போடுவதைவிட நடும் முன்பே கேட்பது லாபமல்லவா?

மூக்கைக் காப்பது எப்படி?

மரம் மாறும்வரை மூக்கு காத்திருக்காது. ஆகவே சில யோசனைகள்.

வெளியே போய் வந்ததும் முகம், கை, தலை கழுவுங்கள். தும்மல் சீசனில் மொட்டைமாடியில் படுக்க வேண்டாம். போர்வையையும் தலையணை உறையையும் அங்கே காய வைக்க வேண்டாம். பஸ்ஸில் ஜன்னல் சீட்டை நண்பனுக்கு விட்டுக்கொடுங்கள். வண்டியில் போனால் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். கொதித்து ஆறிய உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது செலவில்லாத வைத்தியம்.

மாத்திரை விஷயத்தில் கட்டாயம் கவனம் வேண்டும். அவில் போன்ற பழைய ரக மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும். அதைப் போட்டுக்கொண்டு லேத் முன்னால் நிற்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்பதற்குச் சமம். புது ரகங்களிலும் சிலருக்கு மயக்கம் உண்டு. "நாளைக்கு பிராக்டிகல் இருக்கு, தூக்கம் வராத மாத்திரையா கொடுங்க டாக்டர்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். மூக்கடைப்புச் சொட்டு மருந்தை நாள்கணக்கில் விட்டால் அடைப்பு இன்னும் மோசமாகும். 'ஒரே ஊசியில கேட்கும்' என்று படிக்காத வைத்தியர் போடும் ஊசியில் ஸ்டீராய்டு இருக்கலாம். அந்த வாசலை மிதிக்க வேண்டாம்.

மூச்சு வாங்கினால், இழுப்புச் சத்தம் வந்தால், அது தும்மலைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள். 2016 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இடிமழை நாளில் புல் மகரந்தம் நுண்துகளாக உடைந்து பரவியபோது ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பத்துப் பேர் இறந்தார்கள். அன்று பாதிக்கப்பட்டவர்களில் பலர் அதுவரை வெறும் தும்மல்காரர்களாக இருந்தவர்கள்.

"பம்ப் அடிச்சா பழகிடும்" என்ற பேச்சு தப்பு. சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் என்றால், இன்ஹேலரின் ஒரு பஃப்பில் 100 மைக்ரோகிராம்தான். வகுத்துப் பாருங்கள், நாற்பதில் ஒரு பங்கு! நேரே நுரையீரலுக்குப் போவதால் அவ்வளவே போதுகிறது. சட்டைப் பையில் இன்ஹேலர் வைத்திருப்பவனைக் கேலி செய்வதை இன்றோடு விட்டுவிடுவோம். கேலிக்குப் பயந்து அதை ரூமிலேயே வைத்துவிட்டு வருகிறவனுக்குத்தான் ஆபத்து.

சங்கத்துக்கு என் கோரிக்கை

ஒன்று: மழைக்காலத்தில் பார்த்தீனியம் பூப்பதற்கு முன் வளாகத்தில் வேரோடு பிடுங்க வேண்டும். கையுறையும் முகமூடியும் கட்டாயம். ஒவ்வாமை உள்ளவர்களை அந்த வேலைக்கு அழைக்க வேண்டாம். பிடுங்கியதைக் கொளுத்தவும் வேண்டாம்.

இரண்டு: மரம் நடும் விழாவில் ஒரே ஜாதிக் கன்றுகளை வரிசையாக நடாமல், இலுப்பை, நாவல், மகிழம், பூவரசு எனக் கலந்து நட வேண்டும். ஆலுக்கும் அரசுக்கும் பூ காய்க்குள்ளேயே இருக்கிறது; மகரந்தத்தைச் சிறு குளவிதான் தூக்கிப் போகிறது, காற்றுக்கு வேலையே இல்லை. யாருக்குமே ஒத்துக்கொள்ளாமல் போகாத மரம் என்று ஒன்று கிடையாது. பல ஜாதி கலந்திருந்தால் ஒன்றின் மகரந்தம் மட்டும் காற்றை நிறைக்காது.

மூன்று: வாஸ்லின் தடவிய கண்ணாடித் தகட்டை வாரம் ஒருநாள் மாடியில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் எண்ணி, நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். ஓராண்டு செய்தால் எந்த மாதம் எங்களுக்குக் கஷ்டம் என்று தெரிந்துவிடும். பிறகு நகராட்சியிடமோ பேரூராட்சியிடமோ பேசப் போனால் கையில் கணக்கு இருக்கும்.

மரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நண்பர்களே. நிழல் தரும் மரமே மூச்சையும் திணறடிக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். இந்த ஆண்டு குழி தோண்டுவதற்கு முன், கன்றின் பெயரைக் கேளுங்கள்!

— மூன்றாமாண்டு மாணவன், சிவில் பிரிவு