நாணயத்தின் நாணயம்

தமிழிலே நாணயம் என்னும் சொல் இரு பொருள் தருவது. கையிலே புழங்கும் காசும் நாணயம். மனிதரிடத்து நாம் எதிர்பார்க்கும் நேர்மையும் நாணயம். காசு நாணயமானதுதானா என்று சொல்லத் தக்கவர் யார் என்பது மிகப் பழைய வினா. முன்னாளில் வணிகர் காசைக் கல்லிலே சுண்டி ஓசை கேட்டனர்; பொற்கொல்லர் உரைகல்லில் உரைத்துப் பார்த்தனர். இந்நாளில் அதற்கென்றே நிறுவனங்கள் தோன்றியுள்ளன. அவை கூலி பெற்றுக்கொண்டு காசைச் சோதித்து, மெய்யானதாயின் அதன் தரத்தை எண்ணாற் குறித்து, முத்திரையிட்ட பிளாஸ்ரிக் உறையினுள் அடைத்துத் திருப்பி அனுப்புகின்றன.

உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் இது பற்றி எமக்கு எழுதியுள்ளார். அவருடைய பூட்டனார் மலாயாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பியபொழுது கொண்டுவந்த பெட்டியில் 1889ஆம் ஆண்டு பொறித்த பிரித்தானிய வெள்ளிக் கிரவுண் ஒன்று கிடைத்ததாம். தந்தையார் நகைக்கடையில் நிறுத்து விற்றுவிடலாம் என்கிறார். மாமனார் அந்நிய நாட்டுக்கு அனுப்பித் தரச்சான்று பெற்றால் தமக்கையாரின் பல்கலைக்கழகச் செலவு முழுவதற்கும் போதும் என்கிறார். தாயாரோ முதலிற் சாம்பலும் புளியும் இட்டு நன்றாக விளக்கவேண்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்பதே மாணவரின் கேள்வி.

முதலில் தாயாரின் கையைத் தடுத்தல்வேண்டும். குத்துவிளக்குக்கு ஏற்றது காசுக்கு ஏற்றதன்று. நூறாண்டு கடந்த வெள்ளியின்மேற் படிந்த கருமை அழுக்கன்று. உலோகம் காற்றிலுள்ள கந்தகத்தோடு கூடியதனால் உண்டான மெல்லிய போர்வை அது. தேய்த்தவுடன் போர்வையோடு அச்சின் நுண்ணிய கோடுகளும் போய்விடும், கீறல்கள் நிலைத்துவிடும். அத்தகைய காசுக்குத் தர நிறுவனங்கள் எண் வழங்குவதில்லை. ‘துலக்கப்பட்டது’ என்று குறித்தே அனுப்புவர். அதன்பின் அதனை விரும்பி வாங்குவோர் அரியர்.

அடுத்தது தந்தையாரின் யோசனை. கிரவுண் என்பது ஐந்து சிலிங் பெறுமதியான காசு, எடை 28.28 கிராம். அக்காலத்து வெள்ளியின் மாற்று நூற்றுக்கு 92.5. ஆகவே அதிலுள்ள தூய வெள்ளி 26 கிராமுக்குச் சற்று மேல். 1920இல் இம்மாற்று 50 ஆகக் குறைக்கப்பட்டது. 1947 முதல் புழக்கக் காசுகளில் வெள்ளி அறவே நீங்கிற்று. எனவே வெள்ளி விலை இக்காசுக்கு அடிநிலை விலையாகும். சேகரிப்போர் தரும் விலை அதற்கு மேற்பட்டிருத்தல் கூடும். உருக்கிய காசு மீளாது. ஆதலால் விசாரியாமல் நிறுத்து விற்றல் அவசரச் செயலேயாம்.

இனி மாமனாரின் யோசனையை ஆராய்வோம். இந்நிறுவனங்கள் கையாளும் அளவுகோல் 1 முதல் 70 வரையுள்ளது. அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் ஷெல்டன் 1949இல் தம் நாட்டுப் பழைய செப்புச் சதங்களுக்காக வகுத்தது அது. 60க்கு மேற்பட்டவை புழக்கத்திற் படாதவை. அளவுகோலை ஈந்த அப்பெரியவர், அமெரிக்க நாணயவியற் சங்கத்தின் நல்ல சதங்களை எடுத்துக்கொண்டு தம்முடைய தாழ்ந்தவற்றை அவ்விடத்தில் வைத்தார் என்பது அவர் இறந்தபின் வெளியாயிற்று. காசுக்குத் தரம் கண்டவர் தமக்குத் தரம் காணவில்லை! அளவுகோல் மாத்திரம் நிலைத்தது. 1986இல் பி.சி.ஜி.எஸ். என்னும் நிறுவனமும், 1987இல் என்.ஜி.சி.யும் அமெரிக்காவில் இப்பணியைத் தொடங்கின.

தரச்சான்றினாற் பயன் இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. விற்பவன் கண்ணுக்குத் தன் காசு எப்பொழுதும் புதிது. அங்கே நடுநின்று பேசும் ஒருவர் வேண்டும். போலி மலிந்த அரிய காசுகளுக்கோ சான்று இன்றியமையாதது. வில்லியம் வயன் வரைந்த 1847ஆம் ஆண்டுக் ‘கோதிக்’ கிரவுண் 8,000 மாத்திரமே அச்சிடப்பட்டது. 1905ஆம் ஆண்டு அரைக் கிரவுணும் அருமையானது. இவ்விரண்டுக்கும் போலிகள் பல. இவற்றுள் ஒன்று கைக்கு வந்தால் கூலியை எண்ணித் தயங்கலாகாது.

ஆனால் 1889ஆம் ஆண்டுக் கிரவுண் அத்தகையதன்று. அவ்வோராண்டில் மாத்திரம் 18 இலட்சத்துக்கு மேல் அச்சிடப்பட்டது. ஒருபுறம் சிறுமுடி தரித்த விக்டோரியா மகாராணியார். மறுபுறம் பிஸ்துருச்சி என்னும் இத்தாலியக் கலைஞர் அமைத்த, குதிரைமேலிருந்து நாகத்தை வதைக்கும் புனித ஜோர்ஜ். இச்சித்திரங்களின் மேடான இடங்களே முதலில் தேய்வன. மகாராணியாரின் கூந்தலும் முடியும், வீரனின் தலைக்கவசமும், குதிரையின் விலாவும் மழுங்கியிருப்பின் அது பலர் கையிற் புழங்கிய காசு. அதற்குச் சான்று பெறுவதெனின், நிறுவனத்தின் கூலியோடு, போகவும் வரவும் காப்புறுதித் தபாற் செலவும் சேரும். சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம் என்பது இதற்கென்றே பிறந்த பழமொழி போலும்.

ஆகவே மாணவர் செய்யத்தக்கது இது. காசை விளிம்பிற் பிடித்து, மென்துணியின்மேல் வைத்து, பூதக்கண்ணாடியால் நோக்குக. நுண்தராசில் நிறுக்க; எடை மிகக் குறைந்தாலோ, காந்தம் ஈர்த்தாலோ அது போலியென்க. மேடுகளெல்லாம் கூர்மையாகவும், வெறுந்தளத்தில் அச்சுக்கூடத்து ஒளி மங்காமலும் இருந்தால், விவரமறிந்த இருவரிடம் தனித்தனியே காட்டி விலை கேட்க. சான்றினால் ஏறக்கூடிய விலை செலவைப்போல் இரு மடங்காயினும் இருக்குமென்று தோன்றினாலன்றி அனுப்பற்க. அனுப்புவதாயின் முன்னரே சுங்கத்தாரிடமும் தொல்பொருட் திணைக்களத்திலும் விதிகளைக் கேட்டறிதல் கடமை.

தமக்கையாரின் படிப்பை இக்காசின் தலையில் ஏற்றுதல் தகாது. அச்செலவுக்கு வேறு வழியை இன்றே தேடுக. காசு தேய்ந்ததாயின் அமிலம் கலவாத கடிதவுறை ஒன்றில் இட்டு, கொண்டுவந்தவர் பெயரையும் ஊரையும் உறைமேல் எழுதி, பெட்டியிலேயே வைத்துவிடுக. அக்குறிப்பை எந்த நிறுவனமும் எழுதித் தரமாட்டாது. பூட்டனாரை அறிந்த முதியோர் வீட்டிலிருக்கும்பொழுதே கேட்டு எழுதிக்கொள்ளல் வேண்டும்.